சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பிள்ளையோடு என்ன விளையாடுவது?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவின் மகனுக்கு ஏழு வயது. நான்கு மாதங்களுக்கு முன்பு ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்து, திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை நடக்கிறது. மருந்து ஏற்றும் நாட்களில் அங்கேயும் மற்ற நாட்களில் வீட்டிலும் இருக்கிறான். ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். வாங்கிக் கொடுத்த பொம்மைகளில் இரண்டை எறிந்து உடைத்துவிட்டான். கைப்பேசியை மட்டும் கீழே வைப்பதில்லை. “அவனைச் சிரிக்க வைக்க என்ன சாமான் வாங்கலாம், என்ன வேடிக்கை காட்டலாம்?” என்பது கேள்வி. கேட்டிருப்பது சாமானைப் பற்றி என்றாலும், எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், அந்தப் பிள்ளை வீட்டாரை விட்டு விலகிப் போய்விட்டானோ, அவனிடம் திரும்பப் போகும் வழி எது என்பதுதான் அவருடைய தவிப்பு என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் கேரளத்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். அதில் கடைசி 11 ஆண்டுகள் புற்றுநோய்க் குழந்தைகளோடு கழிந்தன. இப்போது ஓய்வு பெற்றுத் தக்கலையில் இருக்கிறேன். நான் மருத்துவரோ மனநல நிபுணரோ அல்ல. உங்கள் பிள்ளையை நேரில் பார்த்ததும் இல்லை. ஆகையால் அவனுடைய மருந்து, உணவு, ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றில் அவனைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதே முடிவு. அவர் சொல்வதற்கு மாறாக இதில் ஏதாவது இருந்தால் என் சொல்லைத் தள்ளிவிடுங்கள்.

எந்த விளையாட்டுக்கும் முன்பாக, உடம்பு அவனை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய் வகைக்கு, முதல் கட்டச் சிகிச்சையில் பிரட்னிசலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏறத்தாழ 4 வாரங்கள் தொடர்ந்து கொடுப்பார்கள். பிற்பாடும் அது இடையிடையே வரும். அந்த நாட்களில் பிள்ளைக்குக் காரணம் தெரியாமல் அழுகை வரும், கோபம் பொங்கும், தூக்கம் கெடும், நடுராத்திரியில் எழுந்து தோசை கேட்கும். பொம்மையை எறிந்தது எந்தத் தேதி, அன்று என்ன மருந்து ஓடிக்கொண்டிருந்தது என்று குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். அந்தக் கோபம் மருந்தின் கோபமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு மருந்து நரம்புகளைப் பாதிக்கும். விரல் நுனி மரத்துப்போகும், பிடி தளரும், பாதம் தொங்கி நடையில் கால் தடுக்கும், தாடை வலிக்கும். உடைத்த பொம்மைகளில் ஒன்று, சிறு கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி வீடு கட்டுவது என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டைப் பொத்தானையே போட முடியாத விரல்களுக்கு அந்தக் கட்டைகள் அடங்கியிருக்காது. நோய் தெரியவருவதற்கு முன்பு எளிதாகச் செய்த ஒன்றை இப்போது செய்ய முடியவில்லை என்பதை அவன் அந்தப் பொம்மையின் முன்னால் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டிருப்பான். மருந்துதான் விரலை இப்படி ஆக்கியிருக்கிறது, நிறுத்திய பிறகு மெல்ல மெல்லப் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று அவனிடம் யாராவது சொல்லியிருக்கிறீர்களா? சொல்லுங்கள். கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிட்டு, காகிதத்தைக் கையால் கிழித்து ஒட்டும் வேலையாகக் கொடுங்கள்.

வலியையும் கவனிக்க வேண்டும். வலியுள்ள குழந்தை அழும் என்று நாம் நினைக்கிறோம். நாள்கணக்கில் வலியோடு இருக்கும் குழந்தை அழுவதை விட்டுவிட்டு அசையாமல் கிடக்கும்; அதைப் பார்த்து “இன்று அமைதியாக இருக்கிறான்” என்று குறிப்பு எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாயில் புண் இருக்கிறதா, மலம் கழிக்க முடிகிறதா, எலும்பு வலிக்கிறதா என்று கேட்டு, இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லி மருந்து வாங்க வேண்டும். வலியை மறைக்க விளையாட்டைக் கொண்டு போவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அவன் சுவரைப் பார்த்தே படுத்திருந்தால், அங்கேதான் விளையாட்டு தொடங்குகிறது. அது என்ன செய்யும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் நம் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுமி. மருந்தால் முகம் உப்பி, முடி கொட்டி, யாரிடமும் பேசாமல் இருந்தாள். ஒரு நாள் காலை 6 மணி முதல் மதியம்வரை அவளைத் தொட்டவர்களை எண்ணிப் பார்த்தேன், 14 பேர். சூடு பார்க்க, ரத்தம் எடுக்க, வயிற்றை அழுத்திப் பார்க்க, விரிப்பை மாற்ற என்று வந்த அத்தனை பேரில் ஒருவர்கூட, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், “தொடலாமா மக்களே” என்று கேட்கவில்லை. அன்று மாலை பழைய நாட்காட்டித் தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து அவள் கையில் கொடுத்து, “இந்தக் கட்டில் ஒரு பஸ், நீதான் கண்டக்டர்” என்றேன். அவள் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் சூடு பார்க்கப் போனபோது கையை நீட்டி, “டிக்கெட் எடுக்கணும்” என்றாள். சூடு பார்க்க 2 ரூபாய், மாத்திரைக்கு 5 ரூபாய், ஊசிக்கு 100 ரூபாய். மருத்துவர்கள் கூட்டமாக வந்தபோது “சில்லறை இல்லாட்டா எறங்குங்க” என்றாள். பெரிய மருத்துவர் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டு நின்றார். ரத்தம் எடுக்க வந்த தம்பியிடம் “வண்டி நிறைஞ்சிட்டு, அடுத்த வண்டியில வாங்க” என்று சொல்லிவிட்டாள். அந்தத் தம்பி நல்ல மனிதர். வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு மறுபடி வந்தார். அவள் தானாகவே சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு கையை நீட்டினாள். அன்று அவளுக்கு நடந்த எதுவும் மாறவில்லை. அதே ஊசி, அதே மாத்திரை. எப்போது என்று சொல்லும் உரிமை மட்டும் ஐந்து நிமிடத்துக்கு அவளிடம் வந்தது. நோயுற்ற குழந்தைக்கு விளையாட்டு தருவது அதைத்தான் என்று நான் நம்புகிறேன். சிரிப்பு வந்தால் நல்லது. வராவிட்டாலும் அந்த விளையாட்டு வீணாகப் போகவில்லை.

இது என்னுடைய கண்டுபிடிப்பு அல்ல. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேல்நாட்டு மருத்துவமனைகளிலும் பெற்றோரைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே உள்ளே விடுவார்கள். குழந்தை அழுது ஓய்ந்து அடங்குவதை, பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். 1955-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் எம்மா பிளாங்க் என்ற ஆசிரியை மருத்துவமனைக்குள் குழந்தைகளின் விளையாட்டுக்கும் படிப்புக்கும் தனி ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார். 1959-இல் பிரிட்டனில், மருத்துவமனைக் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு, பெற்றோர் தடையின்றி வந்து போகவும் குழந்தைகள் விளையாடவும் வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று பல நாடுகளில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் வார்டில் வேலை செய்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த வேலை பெரும்பாலும் தாயின் தலையிலும், நேரம் கிடைத்தால் செவிலியரின் தலையிலும் விழுகிறது. உங்களைப் போன்ற சித்தி ஒருவர் அதை எடுத்துக்கொள்ள முன்வருவது அந்தத் தாய்க்குப் பெரிய உதவி.

ஊசி நேரத்துக்கு அந்தப் பஸ்ஸையே ஓட்டலாம். உங்கள் பிள்ளை இத்தனை முறை போய்வந்ததில் வழியெல்லாம் மனப்பாடமாகியிருக்கும். போகும் வழியை எடுக்காதீர்கள். அது ஊசிக்குப் போகும் வழி. திரும்பி வரும் வழியை எடுங்கள். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், ஆற்றூர், திருவட்டாறு, குலசேகரம். ஒவ்வொரு ஊரின் பெயரையும் அவன் சொல்ல, சொன்ன பிறகு மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். அதுதான் பஸ் கிளம்பும் சத்தம். ஊசி குத்தும் நேரத்தில் கவனத்தை வேறொன்றில் நிறுத்துவது குழந்தைகளின் வலியையும் பயத்தையும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் உறுதிப்பட்ட செய்தி. கைப்பேசியில் படம் காட்டுவதும் அதே வகைதான், அந்த நேரத்தில் அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் “வலிக்காது” என்று மட்டும் சொல்லாதீர்கள். வலிக்கும், இன்ன ஊருக்குள் முடிந்துவிடும் என்று சொல்லுங்கள். ஒரு முறை பொய் சொல்லிவிட்டால் அடுத்த முறை பஸ் நகராது.

வீட்டில் இருக்கும் நாட்களில் செய்ய எனக்கு மிகவும் பிடித்தது துணிப்பொம்மை. துவைத்த பழைய வேட்டித் துணியைச் சுருட்டி முடிச்சுப் போட்டால் தலையும் உடம்பும் வந்துவிடும். முகத்தை அவன் வரையட்டும். மருத்துவமனையில் கேட்டால் ஊசி முனை இல்லாத புதிய சிரிஞ்சு, கொஞ்சம் பஞ்சு, பிளாஸ்திரி கொடுப்பார்கள். பயன்படுத்தியதை ஒருபோதும் எடுக்காதீர்கள். பொம்மைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஆறு வயதுப் பையன் ஒருவன் இப்படிப் பொம்மையின் காலைப் பிடித்துக்கொண்டு, எங்கள் செவிலியர்களின் அதே மலையாளத்தில் “ஒன்னுமில்ல மோனே, இப்போ தீரும்” என்று சொல்லி ஊசி குத்தினான். பிறகு திடீரென்று பொம்மையின் கன்னத்தில் ஒன்று அடித்து, “மழையில நனையாதேன்னு சொன்னேம்லா” என்றான். அவன் அம்மை ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வெளியே போனார். நோய் தெரியவருவதற்கு முந்திய வாரம், மழையில் நனைந்து காய்ச்சலோடு வந்த பிள்ளையை அப்படித்தான் திட்டியிருக்கிறார். மூன்று மாதமாக அந்தப் பையன், மழையில் நனைந்ததற்குக் கிடைத்த தண்டனைதான் இது என்று எண்ணிக்கொண்டு படுத்திருந்தான். இந்த வயதில் பல குழந்தைகள் தங்கள் நோய்க்குத் தாங்களே காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். நேராகக் கேட்டால் சொல்லமாட்டார்கள். நான் அந்தப் பையனைத் திருத்தப் போகவில்லை. மறுநாள் பொம்மையைப் பரிசோதிக்கும் டாக்டராக நான் வந்து, “இந்தப் பிள்ளைக்கு வந்த நோய்க்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லை, இது யார் செய்த தப்பும் இல்லை, அம்மை திட்டினதாலயும் வரவில்லை” என்று பொம்மையிடம் சொன்னேன். அவன் என்னை அதை மூன்று முறை சொல்ல வைத்தான்.

பேசவே தெம்பில்லாத நாட்களுக்கு நம் ஊர் வில்லுப்பாட்டு உதவும். ஒரு தட்டும் கரண்டியும் போதும். நீங்கள் புலவராக உட்கார்ந்து கதை சொல்லிப் பாடுங்கள். அவனுக்குப் பின்பாட்டுக்காரர் வேலை. ஒவ்வோர் அடிக்கும் “ஆமா” என்று ஒரு சொல் மட்டும் சொன்னால் போதும். கதை அவனைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. பலாச்சக்கையைத் திருடிக்கொண்டு ஓடிய குரங்கைப் பற்றியதாக இருக்கலாம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, “ஆமா” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “இல்லை” என்பான். அங்கே நிறுத்தி, பிறகு என்ன நடந்தது என்று அவனிடமே கேளுங்கள். உப்பிய முகத்தையும் மொட்டைத் தலையையும் மறைக்கும் பிள்ளைகளுக்கு நிழல்கூத்து இன்னும் பொருந்தும். நாகர்கோவில் பக்கத்துத் தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள் திரைக்குப் பின்னால் இருந்துதான் இராமாயணத்தை நடத்துவார்கள். நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்க வைப்பார்கள். வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால் கைப்பேசி விளக்கை வைத்து, அட்டையில் நீங்கள் வெட்டிக் கொடுத்த உருவங்களை அவன் அசைக்கட்டும். திரைக்குப் பின்னால் இருப்பதால் யாரும் அவனைப் பார்க்க முடியாது. அவன் எல்லாரையும் சத்தம் போட்டு அதட்டலாம். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் முன்னால் வர மறுத்தவர்கள்கூடத் திரைக்குப் பின்னாலிருந்து பேசியதைப் பார்த்திருக்கிறேன்.

பார்வையாளர்களை எத்தனை பேர் விடலாம் என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். வெள்ளணுக்களில் நியூட்ரோபில் என்ற வகை 500-க்குக் கீழே போயிருக்கும் நாட்களில், சளி உள்ள ஒருவர் வந்து போனாலும் ஆபத்து. ஈர மண், களிமண், கடற்கரை மணல், தோவாளையிலிருந்து வரும் பச்சைப் பூ ஆகியவை அந்த நாட்களில் வேண்டாம். அவற்றில் பூஞ்சையும் கிருமியும் இருக்கும். மாலை கட்டும் ஆசை வந்தால் காகிதப் பூ செய்யலாம். சோப்புக் குமிழி ஊதலாம், ஊதுகோல் அவனுக்கு மட்டும் தனியாக இருக்க வேண்டும். பலர் கையில் புழங்கிய பஞ்சுப் பொம்மைகளைத் தவிர்த்து, கழுவக்கூடியவற்றை வையுங்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் குதிப்பதும் முட்டுவதும் கூடாது. விளையாட்டின் நடுவே உடம்பு சூடாகத் தெரிந்து, 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினால் நீங்களாகக் காய்ச்சல் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல், அது இரவு எந்த நேரமானாலும், உடனே மருத்துவமனையைக் கூப்பிட்டுக் கிளம்புங்கள்.

என் கையால் நடந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஒரு டிசம்பரில் கேரல் குழுவினரையும் கிறிஸ்துமஸ் தாத்தாவையும் நானே வார்டுக்கு அழைத்து வந்தேன். மேளமும் கைதட்டலும் முகமூடியுமாக அவர்கள் நுழைந்ததும், நான்கு வயதுப் பையன் ஒருவன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு நடுங்கினான். எல்லாரும் சேர்ந்து போர்வையை விலக்கி அவனைச் சிரிக்கச் சொன்னோம். அன்று இரவு முழுக்க அவன் தூங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் மகிழ்ந்த குழந்தைகளும் இருந்தார்கள், மறுக்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் கோமாளி வேடமிட்டவர்கள் குழந்தையோடு இருந்தால் பதற்றம் குறைகிறது என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் அந்தக் கலைஞர்கள் வாசலில் நின்று குழந்தை தலையாட்டிய பிறகே உள்ளே வரப் பயிற்சி பெற்றவர்கள். நாங்கள் அப்படி நிற்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வரும் மாமன்மாரிடமும் அத்தைமாரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். அவன் “வேண்டாம்” என்றால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது.

சிரித்தால் எதிர்ப்புச் சக்தி கூடிப் புற்றுநோய் கரையும் என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும். அதற்கு ஆதாரம் கிடையாது. அதை நம்பினால், சிரிக்காத நாளில் பிள்ளையைக் குற்றவாளியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். நோயைக் குணப்படுத்துவது மருந்துதான்; முழுச் சிகிச்சையும் இடைவிடாமல் கிடைத்தால் குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய் வகையில் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள், அதற்கு 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும். நடுவில் நிறுத்திவிடாமல் இருப்பதற்கு விளையாட்டு துணை செய்கிறது என்பது என் அனுபவம். அதற்கு மேல் உரிமை கோரமாட்டேன். உண்மையை மறைக்கும் திரையாகவும் அதைப் பயன்படுத்த வேண்டாம். 1970-களில் அமெரிக்காவில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் இதே நோயுள்ள சிறு குழந்தைகளோடு மாதக்கணக்கில் இருந்து பார்த்தபோது, பெற்றோர் சொல்லாத உண்மைகளையும் குழந்தைகள் அறிந்திருந்ததையும், அறிந்ததைப் பெற்றோருக்காக மறைத்ததையும் கண்டார். உங்கள் பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்புவதும் அப்படி ஒரு மறைப்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் எந்த விளையாட்டிலும் இரண்டு வாரத்துக்கு மேல் துளியும் நாட்டமில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு, செத்துப்போவதைப் பற்றிப் பேசினால், அது சித்தியின் கைக்கு அடங்கிய காரியமல்ல. சிகிச்சைக் குழுவிடம் சொல்லி மனநல உதவி கேளுங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை அவனை மறுபடி திருவனந்தபுரம் கொண்டுபோக வேண்டும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். முந்தின நாள் சாயங்காலம் ஒரு துணிப்பையை அவன் கட்டிலில் வைத்து, நாளைக்கு நமக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று அவனையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மெழுகுக் கலர்ப் பென்சில், கிழிக்கப் பழைய தாள், துணிப்பொம்மை ஆகியவற்றைப் பார்வையில் படும்படி வைத்தால் போதும், கையில் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவன் சுவரைப் பார்த்தே படுத்திருந்தால் பையை அங்கேயே விட்டுவிட்டு, நீங்கள் தரையில் உட்கார்ந்து உங்களுக்கென்று ஒரு பொம்மை கட்டத் தொடங்குங்கள். முடிச்சு சரியாக விழாமல் திணறினாலும் பரவாயில்லை. காலையில் பைக்குள் உடைந்த கட்டை ஒன்றோ, ஒற்றைச் செருப்போ கிடந்தால் அதை எடுத்து வெளியே வைத்துவிடாதீர்கள். அப்படியே கொண்டு போங்கள்.